சென் கில்டா: ஒரு தீவுச் சமுதாயத்தின் தேய்வும் முடிவும்

மக்கள் வாழ்ந்த நிலம் மக்களற்ற நிலமாவது வரலாற்றிலே புதியதொன்றன்று. போரினாலும் பஞ்சத்தினாலும் கொள்ளைநோயினாலும் அழிந்த குடியிருப்புக்கள் பல. ஆயின், ஓரிடத்திலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்கள் தாமே ஒன்றுகூடித் தம்மை அங்கிருந்து அகற்றிவிடுமாறு அரசாங்கத்துக்கு மனு எழுதிய நிகழ்ச்சி அரிதானது. ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், அத்திலாந்திக் சமுத்திரத்தில் அமைந்த சென் கில்டாத் தீவிலே 1930ஆம் ஆண்டு அது நிகழ்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் 29ஆம் திகதி, அங்கு எஞ்சியிருந்த 36 பேரும் பிரித்தானியக் கடற்படைக் கப்பலொன்றில் ஏறித் தம் ஊரைவிட்டு நீங்கினர்.

இம்முடிவுக்குக் காரணம் கூறுவோர் பெரும்பாலும் தீவின் தனிமையையே சுட்டுவர். கடல் நடுவே, காற்றும் மழையும் ஓயாத பாறையொன்றில் மனிதர் நிலைத்து வாழ்தல் இயலாதென்பது அவர் கருத்து. இவ்விளக்கம் எளிமையானது, ஆயின் போதியதன்று. தனிமையே காரணமாயின், ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அத்தீவிலே மனிதர் வாழ்ந்தமைக்குச் சான்றுகள் இருப்பது எங்ஙனம்? உண்மையிலே சென் கில்டா வெளியுலகோடு என்றுமே தொடர்பற்று இருந்ததில்லை. அத்தொடர்பு எத்தகையது, அது யாருடைய தேவைக்கு அமைந்தது என்பனவே தீவு மக்களின் வாழ்வையும் தாழ்வையும் நிருணயித்தன. இதனை அத்தீவின் புவியியல், உயிரினங்கள், வரலாறு ஆகியவற்றை இணைத்து நோக்குமிடத்தே தெளிவாக உணரலாம்.

புவியியல் அமைப்பு

சென் கில்டா என்பது ஒரு தனித் தீவன்று. ஒரு சிறு தீவுக்கூட்டம். வட யுயிஸ்ட் தீவிலிருந்து ஏறத்தாழ 64 கிலோமீற்றர் மேற்கே, திறந்த சமுத்திரத்தில் அது அமைந்துள்ளது. ஹிர்ட்டா, சோயே, பொரரே, டூன் என்னும் நான்கு தீவுகளும், கடலிலிருந்து தூண்போல எழுந்து நிற்கும் பாறைகளும் இதனுள் அடங்கும். இப்பாறைகளுட் பெரியவை ஸ்டாக் அன் ஆமின், ஸ்டாக் லீ என்பன. மக்கள் நிலையாக வாழ்ந்தது ஹிர்ட்டாவில் மட்டுமே. அதன் பரப்பு ஏறத்தாழ 670 ஹெக்டேயர்; அதாவது ஏழு சதுர கிலோமீற்றருக்கும் குறைவு.

ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இயங்கிய எரிமலையொன்றின் எச்சமே இத்தீவுக்கூட்டம். எரிமலைப் பாறைகளைக் கடல் அரித்தமையால் கரைகள் பெரும்பாலும் செங்குத்தான ஓங்கல்களாக அமைந்தன. ஹிர்ட்டாவின் உச்சியான கொனஹர் 430 மீற்றர் உயரமுடையது. அதன் வடபுறம் கடலை நோக்கி நேராக இறங்குகின்றது; பிரித்தானியாவின் மிகவுயர்ந்த கடல் ஓங்கல் அதுவே. தென்கிழக்கிலுள்ள கிராமக் குடாவிலே மட்டும் நிலம் ஓரளவு சரிந்து கடலைச் சேர்கின்றது. படகு இறங்கத்தக்க இடமும், பயிர் செய்யத்தக்க மண்ணும், மக்கள் குடியிருப்பும் அங்கேயே அமைந்தன. அக்குடாவிலும் தென்கிழக்குக் காற்று வீசும்போது படகு இறங்குதல் அரிது. உப்புக்காற்றின் கொடுமையால் தீவிலே மரம் எதுவும் வளர்வதில்லை.

‘சென்’ என்னும் அடைமொழி புனிதர் ஒருவரைக் குறிப்பதுபோலத் தோன்றினும், கில்டா என்ற பெயரில் எந்தப் புனிதரும் இருந்ததாகத் தெரியவில்லை. பழைய கடற்படங்களை வரைந்தோரின் தவறொன்றினால் இப்பெயர் தோன்றியிருக்கலாம் என்பர். தீவு மக்கள் தம் ஊரை ஹிர்ட்டா என்றே வழங்கினர். இவ்வாறு பெயரும் வெளியிலிருந்தே வந்தது.

பறவைகளும் பிராணிகளும்

பயிருக்கு இடந்தராத ஓங்கல்களே கடற்பறவைகளுக்குப் புகலிடமாயின. வெண்ணிற உடலும் கரிய சிறகுநுனியும் கொண்டு, வானிலிருந்து அம்புபோற் கடலுட் பாய்ந்து மீன் பிடிக்கும் கனெற் என்னும் பெரும்பறவை பொரரேயிலும் அதனையடுத்த இரு பாறைகளிலும் கூட்டமாக முட்டையிடுகின்றது. 2013ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு ஏறத்தாழ 60,000 சோடிகள் இருந்தன. புற்சரிவுகளிலே வளை தோண்டி வாழும் பஃபின்கள் இலட்சக்கணக்கானவை. புல்மார் என்னும் பறவை 1878ஆம் ஆண்டு வரை பிரித்தானியத் தீவுகளுள் சென் கில்டாவில் மாத்திரமே முட்டையிட்டது. தன்னை நெருங்குவோர்மீது வயிற்றிலுள்ள எண்ணெயை உமிழ்வது இதன் இயல்பு. அந்த எண்ணெயே தீவு மக்களுக்கு விளக்கெரிக்கவும் மருந்தாகவும் பயன்பட்டது.

தீவுகளிலே தனிப்பட்டு வாழும் உயிரினங்கள் காலப்போக்கில் வேறுபட்ட இயல்புகளைப் பெறுதல் உயிரியலார் அறிந்த உண்மை. சென் கில்டாவின் ரென் குருவி பெருநிலத்து இனத்தைவிடப் பெரியது. அங்குள்ள வயலெலி பெருநிலத்து வயலெலியிலும் ஏறத்தாழ இருமடங்கு நிறையுடையது. சோயேத் தீவிலே வாழ்ந்த சிறிய, கருங்கபில நிறமான செம்மறியாடுகள் ஐரோப்பாவின் பண்டைய ஆட்டினமொன்றின் வழிவந்தவை. 1932இல் இவற்றுள் 107 ஆடுகள் ஹிர்ட்டாவுக்குக் கொண்டுவந்து விடப்பட்டன. 1985 முதல் இவற்றை விஞ்ஞானிகள் இடையறாது ஆராய்ந்து வருகின்றனர். சில ஆண்டுகளில் இவை இரண்டாயிரத்துக்கு மேலாகப் பெருகுகின்றன. புல் போதாத கடுமாரியிலே பெருந்தொகையாக மடிகின்றன. மனிதர் கணக்கிட்டு வாழ்ந்த அதே நிலம், கணக்கிட அறியாத ஆடுகளின் தொகையைப் பஞ்சத்தினாற் குறைக்கின்றது.

மனிதரோடு வந்து மனிதரோடு மறைந்த பிராணியும் ஒன்றுண்டு. வீடுகளை அண்டி வாழ்ந்த ஒருவகை வீட்டெலி, மக்கள் தீவைவிட்டு நீங்கிய சில ஆண்டுகளுக்குள் முற்றாக அழிந்தது. பறக்கவியலாத பேர்ஓக் என்னும் பறவையின் கதை இதனிலும் துயரமானது. 1840ஆம் ஆண்டளவிலே ஸ்டாக் அன் ஆமின் பாறையிலே பிடிபட்ட ஒரு பேர்ஓக், புயலை வரவழைக்கும் சூனியக்காரியெனக் கருதப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டது. பிரித்தானியாவிலே இறுதியாகக் காணப்பட்ட பேர்ஓக் அதுவேயென்பர்.

பறவைகளை நம்பிய பொருளாதாரம்

1697ஆம் ஆண்டு ஸ்கை தீவினரான மார்ட்டின் மார்ட்டின் என்பவர் ஹிர்ட்டாவுக்குச் சென்று, தாம் கண்டவற்றை அடுத்த ஆண்டிலே நூலாக வெளியிட்டார். அக்காலத்திலே அங்கு ஏறத்தாழ 180 பேர் வாழ்ந்தனர். அவர்கள் பேசிய மொழி கேலிக். பார்லியும் ஓட்சும் பயிரிட்டனர், ஆடுமாடுகள் வளர்த்தனர். ஆயினும் அவர்தம் வாழ்வின் ஆதாரம் கடற்பறவையே. கடல் கொந்தளிப்புமிக்கதாகையால் மீன்பிடித்தல் இரண்டாந்தரத் தொழிலாகவே இருந்தது.

ஆடவர் கயிற்றிலே தொங்கி ஓங்கல்களில் இறங்கிப் பறவைகளையும் முட்டைகளையும் சேகரித்தனர். இறைச்சி உணவாயிற்று, எண்ணெய் விளக்காயிற்று, இறகு வாரமாகச் செலுத்தப்பட்டது, கனெற்றின் கழுத்துத் தோல்கூடக் காலணியாயிற்று. இறைச்சியைக் காற்றிலே உலர்த்திச் சேமிப்பதற்கென ‘கிளீற்’ எனப்படும் கல்லறைகளை அவர்கள் கட்டினர். சாந்தின்றி அடுக்கிய கற்சுவர். மேலே புற்றரை மூடிய கூரை. சுவரிடைவெளிகளாற் காற்றுப் புகும், மழை புகாது. 1,400க்கு மேற்பட்ட கிளீற்றுகள் இத்தீவுக்கூட்டத்திலே கணக்கிடப்பட்டுள்ளன. மாரிகாலத்திற் பட்டினியின்றி வாழ்வதற்கு வேண்டிய அறிவு அம்மக்களிடம் இருந்தது என்பதற்கு இவை சான்றாகும்.

இத்தொழில் தனியொருவனால் ஆற்றத்தக்கதன்று. கயிற்றை மேலே பிடிப்போர், கீழே இறங்குவோர், படகு வலிப்போர் எனப் பலர் வேண்டும். பிடித்த பறவைகளைச் சுமப்பதும், உரிப்பதும், இறகு பிடுங்குவதும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. உழைப்பு கூட்டானதால் பங்கீடும் கூட்டாயிற்று. ஓங்கற்பகுதிகள் குடும்பங்களுக்கிடையே பங்கிடப்பட்டன, பிடித்தவை பகிரப்பட்டன, முதியோருக்கும் கைம்பெண்களுக்கும் பங்குண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, காலைதோறும் ஆடவர் தெருவிலே கூடி அன்றைய வேலையைத் தீர்மானிப்பர். வந்து கண்டோர் இதனைத் தீவின் ‘பாராளுமன்றம்’ என அழைத்தனர்.

இதனைக் கொண்டு சென் கில்டாவைக் குறையற்ற பொதுவுடைமைச் சமுதாயமாகச் சித்திரிப்பது பொருந்தாது. பகிர்வு தீவினுள்ளே நிலவியது. நிலமோ தீவுக்கு வெளியே இருந்தவருக்கு உரியது. இடையிற் சிலகாலம் கைமாறியபோதிலும், நெடுங்காலமாக அதன் உடைமையாளர் ஸ்கை தீவின் டன்வேகன் கோட்டையிலிருந்த மக்லியொட் குலத்தவரே. அவரது காரியக்காரர் கோடைதோறும் வந்து இறகு, எண்ணெய், துணி, தானியம் ஆகியவற்றை வாரமாகப் பெற்றுச் செல்வர். உப்பு முதலிய பொருள்களையும் மக்கள் அவரிடமே பெறவேண்டியிருந்தது. இவ்வாறு, தூரத்தாற் பிரிந்திருந்த தீவு வாரத்தாற் பெருநிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது.

இரு பேரிழப்புக்கள்

1726இல் ஹிர்ட்டாவைச் சேர்ந்த ஒருவர் ஹரிஸ் தீவிலே பெரியம்மையால் இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய உடைகள் ஊருக்குக் கொண்டுவரப்பட்டன; நோயும் உடன்வந்தது. ஊரிலிருந்தோருட் பெரும்பாலோர் மாண்டனர். அவ்வேளை மூன்று ஆடவரும் எட்டுச் சிறுவரும் கனெற் பிடிப்பதற்காக ஸ்டாக் அன் ஆமின் பாறையில் இறக்கிவிடப்பட்டிருந்தனர். அவர்களை மீட்டுவரப் படகு வலிக்க ஊரிலே ஆளில்லை. அப்பதினொருவரும் மாரிகாலம் முழுவதும் அப்பாறையிலேயே பறவைகளை உண்டு உயிர்பிழைத்தனர். அடுத்த மே மாதத்திலேயே அவர்கள் மீட்கப்பட்டனர்.

இத்துணைப் பேரழிவின் பின்னரும் சமுதாயம் மீண்டும் தழைத்தது. அயற்றீவுகளிலிருந்து குடும்பங்கள் கொண்டுவரப்பட்டுக் குடியேற்றப்பட்டன. நில உடைமையாளருக்கு இறகும் எண்ணெயும் வேண்டியிருந்தன. அவற்றைத் தேடித்தர மனிதர் வேண்டியிருந்தனர். வெளியுலகத் தொடர்பு நோயைக் கொணர்ந்தது போலவே, அக்காலத்திலே புதிய குடிகளையும் கொணர்ந்தது. இவ்வேறுபாடு பிற்கால நிகழ்ச்சிகளை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாதது.

1852இல் நேர்ந்த இழப்பு வேறுவகையானது. தீவின் 110 பேரளவிலான மக்களுள் 36 பேர் அவுஸ்திரேலியாவின் விக்ரோறியாவுக்குக் குடிபெயர்ந்தனர். பயணத்திலே சின்னமுத்து முதலிய நோய்களால் அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். (மெல்பேணிலுள்ள சென் கில்டா என்னும் பகுதி இவர்களாற் பெயர்பெற்றதன்று, அதற்கு முன்னரே அங்கு வந்த பாய்க்கப்பலொன்றின் பெயரால் வழங்குவது.) ஊரிலே மூன்றிலொரு பங்கினர் குறைந்தனர், ஆயின் இம்முறை எவரும் புதிதாகக் குடியேற்றப்படவில்லை. அத்துடன், பிறந்த ஓரிரு வாரங்களுள் ஏற்புவலியால் மடிந்த குழந்தைகள் பலர். 1890களிலே ஏங்கஸ் பிடெஸ் என்னும் போதகர் கிருமிநீக்க முறைகளைப் புகுத்திய பின்னரே அக்கொடுமை ஓய்ந்தது. அதற்கிடையில் ஒரு தலைமுறையின் பெரும்பகுதி தொட்டிலிலேயே அழிந்துவிட்டது.

காசும் வேதமும் கப்பலும்

1830இல் வந்த போதகர் நீல் மக்கென்சி, நிலப்பங்கீட்டையும் குடியிருப்பையும் திருத்தியமைப்பதில் மக்களுக்கு வழிகாட்டினார். பிறைவடிவில் அமைந்த தெருவும், ஒவ்வொரு வீட்டையும் சார்ந்த நீண்ட நிலத்துண்டும் அக்காலத்தன. 1860இல் வீசிய புயலின் பின்னர், நில உடைமையாளர் 16 புதிய வீடுகளைக் கட்டுவித்தார். 1865 முதல் 1889 வரை பணிபுரிந்த ஜோன் மக்கேயின் காலத்திலே ஓய்வுநாள் ஒழுக்கம் மிகக் கடுமையாயிற்று. சமயம் வேலை நாள்களைக் குறைத்ததென அவரைக் குறைகூறுவோர் பலர். மக்களின் மன உறுதிக்கு அதே சமயம் ஆதாரமாயிருந்தது என்பதையும் மறத்தலாகாது.

1877 முதல் நீராவிக் கப்பல்கள் கோடைகாலத்திலே உல்லாசப் பயணிகளை ஒழுங்காகக் கொணரலாயின. பயணிகள் கம்பளித் துணியும் காலுறையும் பறவை முட்டையும் வாங்கினர். மக்களைக் காட்சிப்பொருளாகக் கண்டு சென்றனர். அரிய முட்டைகளுக்குச் சேகரிப்போர் கொடுத்த விலையால் ரென் குருவியே அழியுமோ என்ற அச்சம் எழுந்தது. 1904இல் அதனைக் காக்கப் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றிற்று. அதே வேளை, இறகுக்கும் பறவை எண்ணெய்க்கும் வெளியிலிருந்த கேள்வி அருகியது. தீவினர் மாவுக்கும் தேயிலைக்கும் சீனிக்கும் பழகினர். அவற்றுக்குக் காசு வேண்டும். காசோ கோடையில் மட்டும் வந்தது.

மாரிகாலத்திலே தொடர்பு முற்றாக அற்றது. 1876-77ஆம் ஆண்டு மாரியிலே தீவிற் சிக்குண்ட ஜோன் சான்ட்ஸ் என்னும் பத்திரிகையாளர், உணவு தட்டுப்பட்ட நிலையில், செய்தியொன்றை உயிர்காப்பு மிதவையிற் கட்டிக் கடலில் விட்டார். ஒன்பது நாளின்பின் அது ஓக்னித் தீவுகளிலே கரைசேர்ந்தது. உதவிக் கப்பலும் வந்தது. அதன்பின் மரப்பேழையிற் கடிதமிட்டு மிதக்கவிடுதல் தீவினரின் வழக்கமாயிற்று. கோடையிலே பயணிகளை ஏற்றிவந்த நாகரிகம், மாரியிலே தபாலுக்கும் வழிசெய்யவில்லை.

யுத்தமும் மனுவும்

முதலாம் உலக யுத்தகாலத்திலே கடற்படையினர் ஹிர்ட்டாவிலே தொடர்பு நிலையமொன்றை அமைத்தனர். 1918ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி ஜேர்மானிய நீர்மூழ்கியொன்று அதன்மீது 72 குண்டுகளை வீசிற்று. கட்டிடங்கள் சேதமுற்றன, இறந்தது ஓர் ஆட்டுக்குட்டி மட்டுமே. ஆயின் யுத்தம் வேறொரு வகையிலே தீவைத் தாக்கியது. கடற்படையினர் இருந்த காலத்தில் ஒழுங்கான தபாலும் பொருள் வரவும் கூலிவேலையும் மக்களுக்குக் கிடைத்தன. யுத்தம் முடிந்ததும் அவை யாவும் நின்றன. வேறொரு வாழ்வைக் கண்டறிந்த இளைஞர் ஒவ்வொருவராக வெளியேறினர். 1921இல் 73 ஆக இருந்த மக்கட்டொகை 1928இலே 40க்கும் கீழே வீழ்ந்தது. 1926இல் இன்புளுவென்சாக் காய்ச்சலுக்கு நான்கு ஆடவர் பலியாயினர்.

பெருநகரொன்றிலே நால்வரின் மரணம் குடும்பத் துயரம். ஹிர்ட்டாவிலோ அது படகொன்றின் துடுப்புக்கள் ஓய்ந்தமைக்கு ஒப்பாகும். ஓங்கலில் இறங்கவும், கரையில் படகேற்றவும், அயற்றீவுகளில் ஆடு பிடிக்கவும் குறித்த அளவு ஆட்பலம் வேண்டும். அவ்வெல்லைக்குக் கீழே சென்றதும், எஞ்சியோர் எத்துணை உழைப்பினும் பயனில்லை. 1930 ஜனவரியில் நோயுற்ற இளம்பெண்ணொருத்தி, உரிய நேரத்தில் வைத்திய உதவி கிடைக்காமையாற் பெருநிலத்து வைத்தியசாலையில் இறந்தமை மக்களின் மனத்தைத் தளரச்செய்தது. தாதியும் போதகரும் துணைநிற்க, மே மாதம் 10ஆம் திகதி மனு எழுதப்பட்டது, இருபதுபேர் ஒப்பமிட்டனர். ஆடவர் சிலர் வெளியேறத் தீர்மானித்துவிட்டனர், அவர் சென்றபின் ஏனையோர் தொடர்ந்து வாழ்தல் இயலாது என்பதே மனுவின் சாரம். தனிமையையன்றி ஆட்பற்றாக்குறையையே அம்மக்கள் முதற் காரணமாகக் காட்டினர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஓகஸ்ட் 29ஆம் திகதிக் காலையிலே ஒவ்வொரு வீட்டிலும் வேதாகமம் விரித்து வைக்கப்பட்டது. அருகே சிறு ஓட்ஸ் குவியல். கதவுகள் பூட்டப்பட்டன. ஆடுமாடுகள் முன்னரே ஏற்றப்பட்டுவிட்டன. நாய்களைக் கடலில் அமிழ்த்திக் கொன்றுவிட்டனர். ‘ஹெயர்பெல்’ என்னும் கப்பல் அவர்களைக் கொண்டுசென்றது. குடிபெயர்ந்த ஆடவர் பலருக்கு அரசாங்கம் அளித்தது காடு வளர்ப்புத் தொழில். மரமே இல்லாத ஊரிலே பிறந்தவருக்கு மரம் நடும் வேலை.

பின்னுரை

மக்கள் நீங்கிய தீவு 1931இலே பறவையார்வம் மிக்க பிரபு ஒருவருக்கு விற்கப்பட்டது. 1957இல் அவரது மரணசாசனப்படி ஸ்கொத்லாந்துத் தேசிய நம்பிக்கை நிதியத்தைச் சேர்ந்தது. அதே ஆண்டிலே, தென் யுயிஸ்ட் தீவிலிருந்து ஏவப்படும் ஏவுகணைகளைக் கண்காணிப்பதற்கு ஹிர்ட்டாவில் இராணுவ நிலையம் அமைக்கப்பட்டது. தெரு போடப்பட்டது, மின்சாரமும் வானொலித் தொடர்பும் வந்தன, மாரியிலும் மனிதர் தங்கினர். 36 பேருக்கு வாழவியலாததெனப்பட்ட தீவு, 27 ஆண்டுகளின் பின் வாழத்தக்கதாயிற்று. மாறியது காற்றுமன்று, கடலுமன்று. செலவு செய்வோரின் தேவையே மாறியது. 1727ஆம் ஆண்டின் பேரழிவுக்குப் பின்னர் இறகின் பொருட்டு நிரப்பப்பட்ட ஊர், இறகு வேண்டப்படாத காலத்திலே வெறுமையாக விடப்பட்டது. ஏவுகணையின் பொருட்டு மீண்டும் ஆள்களைப் பெற்றது.

1986இல் யுனெஸ்கோ நிறுவனம் சென் கில்டாவை உலக மரபுரிமை இடமாக ஏற்றது. அப்போது ஏற்கப்பட்டது அதன் இயற்கைச் சிறப்பே. 2005இலேயே, அங்கு வாழ்ந்த மக்களின் பண்பாட்டுச் சிறப்பும் அவ்வுரிமையிற் சேர்க்கப்பட்டது. ஹிர்ட்டாவிற் பிறந்து 1930இல் வெளியேறியவர்களுள் இறுதியாக எஞ்சியிருந்த பெண்மணி 2016இல் காலமானார். பறவைகளும் இன்று இடரற்றவையல்ல. 2021இல் அங்குள்ள பெருஸ்குவாப் பறவைகளிடையே பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. ஆகவே, தூரம் அத்தீவை முன்னரும் காக்கவில்லை; இப்போதும் காப்பதாயில்லை.

சென் கில்டாவின் வரலாறு ஒரு பாறையின் தனிமையைப் பற்றிய கதையன்று. தன் வாழ்வு பற்றிய முடிவுகள் தனக்கு அப்பால் எடுக்கப்படும் எந்தச் சிறு சமுதாயமும், தன் உழைப்புக்குத் தேவை நிலவும் வரையிலேயே பிறராற் பேணப்படும். அத்தேவை ஒழிந்ததும், அதன் அழிவுக்கு இயற்கையே காரணமெனக் கூறப்படும். ஹிர்ட்டாவிலே இன்றும் நிற்கும் கிளீற்றுகள் அக்கூற்றை மறுக்கின்றன. வாழத் தெரியாதவர் அவற்றைக் கட்டியிருக்கமாட்டார்.